கடலுக்கடியில கிடக்கிற போத்தலும் எங்கட வரலாறும்

யூடியூபில் ஒரு வகை வீடியோ உண்டு. யாரோ ஒருத்தர் வெளிநாட்டு ஆத்துக்குள்ள சிலிண்டரோடு இறங்கி, நூறு வருசத்துக்கு முந்தின கண்ணாடிப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். சேத்தைத் துடைப்பார், போத்தல் பச்சையா மின்னும், கீழே ஆயிரம் பேர் 'அருமை' என்று எழுதுவினம். இதைப் பாக்கிற வன்னிப் பெடியள் பெட்டையளுக்கு இயல்பா வாற கேள்வி ஒன்று: எங்கட முல்லைத்தீவுக் கடலுக்குள்ள, நந்திக்கடலுக்குள்ள என்ன கிடக்கும்? இறங்கி எடுக்கலாமோ?

முதல் கேள்விக்குப் பதில்: நிறையக் கிடக்கும். இரண்டாவதுக்குப் பதில் அவ்வளவு லேசில்லை. அதைத்தான் இதில எழுதுறம்.

முதலில், ஒரு பழைய போத்தலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கண்ணாடி உக்காது. அதோட, அது செய்யப்பட்ட முறை அதன் உடம்பிலேயே பதிஞ்சிருக்கும். அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால், ஊதிச் செய்த போத்தலைக் கம்பியில் பிடித்து உடைத்தெடுத்த அடையாளமாக அது இருக்கலாம். அச்சுக் கோடு பக்கவாட்டில் ஏறி வாயின் விளிம்பு வரைக்கும் போனால், அது இயந்திரத்தில் செய்தது. தானாகவே போத்தல் செய்யும் இயந்திரம் 1903 அளவில்தான் வந்தது. கழுத்துக்குள்ள கண்ணாடிக் குண்டு உருளுற சோடாப் போத்தல் என்றால் 1872க்குப் பிந்தியது. இங்கிலாந்தில் ஹிராம் கொட் என்பவர் அதற்கு அந்த வருசம்தான் காப்புரிமை எடுத்தார். ஆக, ஒரு போத்தல் தன்ர வயதைத் தானே சொல்லும். ஆனால் அது எப்படி அங்க வந்தது, ஆரோட வந்தது என்பதைப் போத்தல் சொல்லாது. பக்கத்தில் கிடக்கிற மற்றச் சாமான்கள்தான் சொல்லும்.

இலங்கைக் கடலிலேயே இதற்கு இரண்டு உதாரணம் இருக்கு. இரண்டும் தென்கரையில்.

1961இல் கிரேட் பாசஸ் என்ற பாறைத்தொடருக்குப் பக்கத்தில், மைக் வில்சனும் அவரோட போன இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் கடலடியில் வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தினம். ஔரங்கசீப் காலத்து, சூரத்தில் அடித்த ரூபாய்கள். 1702ஆம் ஆண்டுக்குரியவை. பை உக்கிப்போக, பைக்குள்ள இருந்த காசு அப்படியே கட்டியா இறுகிப்போய்க் கிடந்தது. பிறகு 1963இல் பீட்டர் த்ரொக்மோர்டன் என்ற கடலடித் தொல்லியலாளரையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் போச்சினம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வெள்ளி மேலே வந்தது, உலகம் முழுக்கக் கதையும் பரவினது. அந்தக் கப்பலின் பெயர் மட்டும் இன்றைக்கும் தெரியாது.

அடுத்தது கொடவாய. 2003இல் அம்பாந்தோட்டைப் பக்கம் சங்கு குளிக்கிற ஆக்கள், ஏறத்தாழ முப்பது மீற்றருக்கும் கீழே, செதுக்கிய கல் ஒன்றைக் கண்டினம். விசயம் தொல்லியலாளர்களுக்குப் போனது. பிறகு வருசக்கணக்கா முறையாகச் சுழியோடி, கிடந்த இடத்தைப் படம் பிடித்து, அளந்து பாத்ததில் மட்பாண்டம், உலோகம், உருக்கி வார்த்த கண்ணாடிக் கட்டிகள் எல்லாம் தெரிய வந்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருசப் பழமை. இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிய வந்த மிகப் பழைய கப்பற்சிதைவு அதுதான் என்கினம். அதைக் கண்டுபிடிச்ச ஆக்களிட்டப் பட்டமும் இல்லை, கப்பலும் இல்லை. கண்டதை ஒழுங்காகச் சொன்னது மட்டும்தான் அவை செய்த வேலை.

இனி எங்கட கரைக்கு வருவம்.

முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கோட்டை கட்டினவை. பிறகு அது பிரிட்டிஷ்காரரின் கைக்குப் போனது. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் அந்தக் கோட்டையைப் பிடித்தபோது, கப்டன் வொன் டிரிபேர்க்கின் காவற்படை படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனது. அதே டிரிபேர்க் திரும்பி வந்து ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் கல்லும் நடப்பட்டது. ஆக, இந்தக் கரையில் வெளிநாட்டுக் கப்பல் வந்து போனது ஒன்றும் புதுக்கதை இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி, முல்லைத்தீவின் வீடுகளையும் சனத்தையும் வாரிக்கொண்டு போனது. கோப்பை, குடம், போத்தல், தாலி எல்லாம் அதோட கடலுக்குள்ள போனது.

இரண்டு வருசம் கழித்து, 2006 டிசம்பரில், இந்தியாவில் இருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோடு போன ஃபாரா-3 என்ற ஜோர்தான் கப்பல் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில் தட்டியது. கப்பலில் இருந்த 25 பேரும் கரைக்கு வந்து, செஞ்சிலுவைச் சங்கம் ஊடாக வெளியேறினவை. புலிகள் தாங்கள் காப்பாற்றினதாகச் சொல்ல, தங்களைக் கட்டாயப்படுத்தி இறக்கினதாக மாலுமிகள் தரப்பு சொன்னது. கப்பல் அங்கேயே நின்றது. 2009இல் அந்தக் கரையில் நடந்தது என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்கட கடலடி இப்படித்தான் அடுக்கடுக்காக் கிடக்கு. மேல் அடுக்கில் கிடக்கிற சாமானுக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோட இருக்கினம். அல்லது அவையைத் தேடுற அம்மா இருக்கிறா. நந்திக்கடல் சேத்துக்குள்ள ஒரு சோத்துப்பெட்டியோ காப்போ அம்பிட்டால், அதைப் 'புதையல்' என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணிக்குழாய் பதிக்க நிலத்தை வெட்டேக்க மனித எலும்புகள் தெரிஞ்சது. நீதிமன்ற உத்தரவில் அகழ்ந்து, ஏறக்குறைய ஒரு வருசத்தில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அது தரையில் நடந்தது. ஆனால் பாடம் தண்ணிக்கும் பொருந்தும். எலும்புக்குப் பக்கத்தில் எந்தத் துணி, எந்தத் தகடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் சாட்சி. யாரோ ஆசையில் முதலே கிளறியிருந்தால் அந்தச் சாட்சி குலைஞ்சிருக்கும்.

சரி, பாதுகாப்பு? வன்னித் தண்ணிக்குள்ள இரண்டு ஆபத்து இருக்கு.

ஒன்று, காற்றும் அழுத்தமும். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆழத்தில் சிலிண்டர்க் காற்றைச் சுவாசிக்கேக்க நைதரசன் இரத்தத்தில் கரையும். சோடாப் போத்தலைப் படாரென்று திறந்தால் எப்படிப் பொங்குமோ, கெதியா மேலே வந்தால் அந்த வாயு அப்படி உடம்புக்குள்ள குமிழியாகும். மூட்டு வலி, கை கால் விறைப்பு, சிலருக்கு வாழ்நாள் முழுக்க வாதம். வடக்கில் சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரு நாளில் பல தரம் இறங்கிற ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, கால் விளங்காமல் போன ஒருத்தரையாவது அவைக்குத் தெரிஞ்சிருக்கும். முறையான பயிற்சி, கூட ஒரு ஆள், நிமிசத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் போகாத ஏற்றம், ஐந்து மீற்றரில் மூன்று நிமிசம் தரிப்பு, மூச்சை அடக்காமல் ஏறுறது – இதில ஒன்று குறைஞ்சாலும் இறங்கக்கூடாது.

'கூட ஒரு ஆள்' என்பது வெளிநாட்டான் சொல்லித் தந்தது இல்லை. மன்னார் முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டி இறங்கிறவருக்கு, மேலே கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் கட்டாயம். கயிறு அசைஞ்சால் இழுக்க வேணும். அதோட சுறாவைக் கட்டுப்படுத்த மந்திரம் சொல்லுற 'கடல்கட்டி'யும் இருந்தார். பிரிட்டிஷ் அரசாங்கமே அவருக்குச் சம்பளம் குடுத்தது. மந்திரத்தை நம்புறதோ இல்லையோ உங்கட விருப்பம். அவர் இல்லாமல் ஒருத்தரும் இறங்கமாட்டினம் என்ற ஒழுங்கைக் கவனியுங்கோ.

இரண்டாவது ஆபத்து எங்களுக்கே உரியது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவில் போர் முடிஞ்ச பிறகும் வருசக்கணக்கா வேலை செய்தவை. அவையின்ர வேலை பெரும்பாலும் தரையில். கடல்நீரேரிச் சேறும் குளத்தடியும் வேற கதை. சிப்பியும் பாசியும் ஒட்டின ஒரு எறிகணை, கலங்கல் தண்ணியில் கைக்குப் போத்தல் மாதிரியே இருக்கும். துருப்பிடிச்சால் அது சாது ஆகாது, கூடுதல் நொய்மையாகும். இரும்பு விலைக்கு ஆசைப்பட்டு இதைத் தட்டிப் பாத்து உயிர் விட்டவை எங்கட மாவட்டங்களில் இருக்கினம். அதனால வன்னிக்கு எங்கட விதி ஒன்றே ஒன்று: கைக்குத் தெரியாததைத் தொடாதே, கயிறு கட்டி இழுக்காதே, கரைக்குக் கொண்டு வராதே. கரையில் தெரியிற இரண்டு அடையாளங்களை மனதில் பிடிச்சுக்கொண்டு விலகி வந்து, பொலிசுக்கும் கிராம சேவையாளருக்கும் சொல்லுங்கோ.

சட்டமும் உண்டு. 1940இல் வந்த தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கண்டால் அறிவிக்க வேணும், அனுமதி இல்லாமல் அகழ்ந்தால் குற்றம். யுனெஸ்கோவின் 2001 சமவாயமும் கடலடிப் பாரம்பரியத்தைக் கிடந்த இடத்திலேயே காக்கிறதைத்தான் முதல் தெரிவாகச் சொல்லுது. விற்பனைக்கு எடுக்கிறதை ஏற்காது.

இதில ஒரு சிக்கலை மறைக்க ஏலாது. குருந்தூர்மலைக்குப் பிறகு, 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே வன்னியில் சனத்துக்குக் காணி போயிடுமோ என்ற பயம். கண்டதைச் சொல்லாமல் விடுற மனநிலைக்குக் காரணம் இருக்கு. ஆனால் சொல்லாமல் விட்டால் அது ஒளிஞ்சு விக்கிறவனுக்குத்தான் லாபம். வரலாறு எங்களிட்ட வராது. அதனால முதலே எங்கட கையில் பதிவு இருக்க வேணும். படம், திகதி, ஆழம், கரை அடையாளம், கண்டவரின் சொல். பிரதி ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை மாதிரி ஒரு இடத்துக்கும் போகட்டும். பிறகு ஆர் வந்து என்ன கதை சொன்னாலும், முதல் கதை எங்களிட்ட இருக்கும்.

தண்ணிக்குள்ள இறங்காமலே இந்த வேலையைத் தொடங்கலாம். உங்கட ஊர்ச் சங்குகாரரிட்ட, வலைகாரரிட்டப் போங்கோ. எந்த இடத்தில் வலை சிக்குது, எங்க கல் இல்லாத இடத்தில் கல் மாதிரி ஏதோ கிடக்கு என்று அவைக்குத் தெரியும். கொடவாயவைக் கண்டதும் அப்படியான கண்தான். அந்த ஐயாமார் போனால் அந்த வரைபடமும் அவையோட போயிடும். ஃபோனில் பதிஞ்சு, பேர் போட விருப்பமோ என்று கேட்டு, எங்களுக்கு அனுப்புங்கோ. போத்தல் கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும். அது இன்னும் நூறு வருசம் பொறுக்கும்.