கதவுக்கும் ஒரு நம்பர்

விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பழைய போர்ஷே 356 காரை விலைக்குப் பார்க்கப் போனா, எஞ்சின் சத்தத்தைக் கேக்குறதுக்கு முன்னாடியே டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு முன் மூடியைத் தூக்குவார். (எஞ்சினைப் பார்க்க இல்ல. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னாடி. முன்னாடி திறந்தா பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும்தான்.) மூடியோட உள்பக்கத் தகட்டுல எதையோ தேடுவார். அப்புறம் பின் மூடி, அப்புறம் கதவுகள். தேடுறது பஞ்ச் அடிச்ச ரெண்டு மூணு இலக்கம். அது அந்தக் காரோட சேஸிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களோட ஒத்துப் போகணும். போச்சுன்னா முகம் மலரும். போகலைன்னா பேரம் ஆரம்பம்.

எஞ்சினுக்கு நம்பர் இருக்கும், சரி. கதவுக்கு எதுக்குங்க நம்பர்?

கொஞ்சம் பின்னாடி போகணும். முதல் 356, 1948-ல ஆஸ்திரியாவில் க்மூண்ட் என்கிற சின்ன ஊர்ல பிறந்தது. அலுமினியத் தகட்டை மர அச்சு மேல வச்சு சுத்தியலால தட்டித் தட்டி உருவாக்கின உடம்பு. அப்படிச் செஞ்சது ஐம்பது சொச்சம் கார்தான். அப்புறம் போர்ஷே ஜெர்மனிக்கே திரும்பி வந்தப்போ ஸ்டுட்கார்ட்டில் இருந்த சொந்தத் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் கையில். அதனால பக்கத்துலயே இருந்த ராய்ட்டர் என்கிற பாடி கட்டும் கம்பெனியிடம் 1949 கடைசியில் 500 இரும்பு உடம்புக்கு ஆர்டர் கொடுத்தாங்க. வேலை நடந்த இடமும் அவங்களோடதுதான். 1950-ல ஸ்டுட்கார்ட் கார்கள் வெளியே வர ஆரம்பிச்சுது.

இந்த 500-ங்கிற எண்தான் முக்கியம். ஒரு முழு மட்கார்டையோ கூரையையோ ஒரே அடியில் அழுத்தி எடுக்குற பெரிய டை செய்ய ஆகுற செலவு, லட்சக்கணக்கில் கார் விற்கிறவனுக்குக் கட்டுபடியாகும். ஐந்நூறு கார் விற்கப் போறவனுக்குக் கட்டாது. அதனால சின்னச் சின்னத் துண்டா அழுத்தி, எல்லாத்தையும் வெல்டிங்கில் சேர்த்தாங்க. வெல்டிங் சூடு ஆறும்போது தகடு சுருங்கி ஒரு பக்கமா இழுக்கும். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி இழுத்துக்கும். இன்னொரு சிக்கல், 356-ல மட்கார்டு போல்ட் போட்டு மாட்டினது இல்ல, உடம்போட வெல்டு பண்ணினது. போல்ட் இருந்தா கொஞ்சம் தளர்த்தி நகர்த்திக்கலாம். இங்க நகர்த்த முடியுறது கதவோட கீலைத்தான், அதுவும் கொஞ்சம்தான்.

மிச்சத்தை எப்படிச் சரி பண்ணினாங்க? ஈயம் பூசித்தான்!

நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். இங்க பூசுறது காரீயமும் வெள்ளீயமும் கலந்தது, ஏறக்குறைய எழுபதுக்கு முப்பது. இந்தக் கணக்குக்குள்ள ஒரு அழகான விஷயம் இருக்கு. காரீயம் தனியா 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-ல். 37 பங்கு காரீயம், 63 பங்கு வெள்ளீயம்னு கலந்தா 183 டிகிரியில் சட்டுனு தண்ணியாயிடும். எலக்ட்ரானிக்ஸ் லேப்ல சால்டரிங் பண்ணினவங்களுக்கு அது தெரிஞ்ச கலவை. நட்டுக்குத்தலா நிக்கிற கதவு விளிம்புல அதை வச்சா வழிஞ்சு காலில் விழும். ஆனா எழுபது-முப்பது கலவை 183-ல இளக ஆரம்பிச்சு, முழுசா உருக 255 வரைக்கும் போகணும். நடுவுல அந்த எழுபது டிகிரியும் அது களிமண் பதம். மரக் கரண்டியில் மெழுகோ கொழுப்போ தடவிக்கிட்டு, ஒரு கையில் தீயும் ஒரு கையில் கரண்டியுமா, சுவத்துக்குச் சாந்து பூசுற மாதிரி இழைக்கலாம். ஆறினதும் அரம். உப்புத்தாள் போடக் கூடாது, ஈயத்தூள் மூச்சில் போனா விஷம்.

கதவை மாட்டி, மூடிப் பார்த்து, இடைவெளி அதிகமா இருக்குற பக்கம் ஈயம் ஏத்தி, முட்டுற இடத்தில் ராவி, மறுபடி மூடிப் பார்த்து... ஒவ்வொரு காருக்கும் இதே கதை. இப்படிப் பொருத்தின கதவு அந்த உடம்புக்கு மட்டும்தான் சொந்தம். வரிசையா நிக்கிற கதவுகள்ல எது எந்த உடம்புக்குன்னு குழம்பாம இருக்கத்தான் அந்த நம்பர். நம்ம பாஷையில் சொன்னா, ஒவ்வொரு காரும் தனி பில்ட். ஏறக்குறைய 76,000 கார் இப்படி வந்துச்சு. எல்லாமே ராய்ட்டர் இல்ல. கார்மன், ட்ராவுட்ஸ், பெல்ஜியத்தின் டி'ஈட்டெரன்னு வேற கைகளும் உண்டு.

இப்போ இதைப் புதுப்பிக்கிறவர் பாடு. கதவுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஓடுற பெட்டி மாதிரி உத்தரம்தான் இந்தக் காரின் முதுகெலும்பு. ஹீட்டர் காத்து போற குழாயும் அதுக்குள்ளதான். முதல்ல துருப்பிடிக்கிறதும் அதுவேதான். வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். அவசரக்காரர் அப்படியே வெட்டிடுவார். உடம்பு நடுவுல தொங்கிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. நிதானமானவர் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டு பண்ணி, பழைய இடைவெளிகளை அளந்து எழுதி வச்சு, கதவை மாட்டி வச்சுக்கிட்டே கீழே கொஞ்சம் கொஞ்சமா வெல்டு பண்ணுவார். ரப்பர் பீடிங்கும் லாக்கும் போட்டுத்தான் கடைசியா பார்க்கணும், ரப்பர் கதவை வெளியே தள்ளும். பெயின்ட்டோட கனத்துக்கும் இடம் விடணும்.

சரி, எவ்வளவு ஒழுங்கா இருக்கணும் இடைவெளி? இங்கதான் எனக்குச் சண்டை. 1990களின் தொடக்கத்தில் லெக்ஸஸ் விளம்பரம் ஒண்ணு, கார் உடம்பின் இடைவெளி வழியா ஒரு இரும்புக் குண்டு அழகா உருண்டு போகும். ரோபோ வெல்டு பண்ணின காருக்கு அது பெருமை. அந்தக் கண்ணாலயே 1955 காரையும் பார்த்து, கதவைச் சுத்தி ஒரே அளவு இடைவெளி வேணும்னு நல்லா இருக்குற ஈயத்தை உருக்கித் தள்ளிட்டுப் புதுசா இழைக்கிறாங்க. துருப்பிடிச்ச தகட்டை வெட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மேல மூணு மில்லி, கீழ நாலரை மில்லின்னு இருந்தா, அது அன்னைக்கு அரம் பிடிச்ச ஆளோட கையெழுத்து. அதை எதுக்கு அழிக்கணும்?

நான் மட்டும் புலம்பல. பெபிள் பீச் கார் போட்டியில் புதுப்பிக்காம காப்பாத்தின கார்களுக்குன்னு 2001-ல தனிப் பிரிவு வந்துச்சு. பழைய கார் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல டுரின் சாசனத்தை ஏத்துக்கிட்டது. கோயில், கோட்டை மாதிரி நினைவுச் சின்னங்களுக்கு 1964-ல எழுதின வெனிஸ் சாசனம்தான் அதுக்கு முன்மாதிரி. கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிக்காதேன்னு சொல்ற அதே சங்கதி.

இதுல கொடுமை என்னன்னா, நம்பர் பொருந்தினா விலை ஏறுதுன்னு தெரிஞ்சதும், வேற கார் கதவில் புதுசா நம்பர் அடிக்கிறவங்களும் கிளம்பிட்டாங்க. ஆனா நம்பர் அடிக்கலாம், விளிம்பு பொய் சொல்லாது. பெயின்ட்டைச் சுரண்டினா, ஈயத்துக்குப் பதிலா பட்டி பல்லிளிக்கும் :-)

கொசுறு: 1963-64 வாக்கில் போர்ஷே, ராய்ட்டரின் பாடி தொழிற்சாலையை வாங்கிக்கிச்சு. மிச்சம் இருந்தது சீட் செய்யுற தொழில் மட்டும். ராய்ட்டர், கரோசெரி ரெண்டு பேரோட முதல் எழுத்துகளையும் எடுத்துச் சேர்த்து (ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் ராய்ட்டர் 'ரெ'ன்னுதான் ஆரம்பிக்கும்) புதுப் பேர் வச்சாங்க. ரேஸ் கார் சீட்ல நீங்க பார்த்திருக்கிற அந்த ரெகாரோ இதுதான்.