லயத்து வாசலும் மூலிகை நூதனசாலையும்

ஊவாவின் பதுளை, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருமல் கண்டால் ஆடாதோடை இலை அடுப்பேறும். 1753இல் லின்னேயஸ் இச்செடிக்குச் சூட்டிய 'ஜஸ்டீசியா அடதோடா' என்ற பெயரின் பின்பாதி நம் ஆடாதோடையே. 1670களில் டச்சுக் கம்பனி மருத்துவராக இலங்கையிலிருந்த பவுல் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகளை வைத்தே லின்னேயஸ் 1747இல் 'ஃப்ளோரா சைலானிகா' எழுதினார். அத்தொகுப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. செடி காய்ந்தும் பெயர் பிழைத்தது. யார், எதற்காக, எத்தனை இலை பறித்தார்கள் என்பதைக் காகிதத்தில் ஒட்ட முடியவில்லை.

ஊவாவில் மூலிகை நூதனசாலை அமைப்போர் இதே பிழையைச் செய்யக்கூடும். ஹல்துமுல்லையில் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டம் உண்டு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் மூன்றையும் 'ஆயுர்வேதம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. தாராளமான வரையறைதான். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கைவைத்தியம் இந்த அலமாரிகளில் எதிலும் ஒழுங்காக உட்காராது. கொத்தமல்லியோடு வெனிவெல் அவித்துக் குடிக்கும் பாட்டிக்கு அது சிங்கள அயலாரிடமிருந்து வந்த பெயர். அதன் தமிழ்ப் பெயரான 'மரமஞ்சள்' என்றால் அவருக்கு விளங்காமலும் போகலாம். எந்த மரபு என்று அட்டை எழுதுவது?

வல்லாரையின் கதை இன்னும் சிக்கலானது. ஈரம் நிற்கும் கானோரங்களில் அது தானே படரும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது கீரை, மருந்து. தோட்டக் கணக்கில் களை. களைகொல்லி தெளிப்பதையும் நாம் 'மருந்து அடிப்பது' என்றே சொல்கிறோம்; ஒரு மருந்து இன்னொரு மருந்தைக் கொல்கிறது. கிளைபோசேட்டை அரசு 2015இல் தடைசெய்தது, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. இந்த இரண்டு ஆண்டுகளும் வல்லாரைத் தொட்டிக்குப் பக்கத்தில் எழுதப்படவேண்டியவை.

சடங்குச் செடிகளுக்கு வழித்தடமும் உண்டு. குளிர்ந்த மேட்டு மலைகளில் வேம்பு செழிக்காது. மாரியம்மன் கரகத்துக்கான கொப்பு வெல்லவாயப் பக்கத்து வறள்நிலம் போன்ற இடங்களிலிருந்து ஏறிவர வேண்டும். ஆகவே வேப்பிலையைக் காட்டுவது போதாது, பயணத்தையும் காட்டவேண்டும். மாசியில் காமன் கூத்துக்கு ஊன்றும் கம்பமோ பௌர்ணமியில் எரிக்கப்படுவது. அதைப் பாதுகாப்பதே சடங்கைக் கெடுப்பதாகும்.

கம்பளைக்கு அருகே நியூ பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்றைத் தொழிலாளர் நூதனசாலையாக்கி 2007இல் திறந்தார்கள். பண்டபாத்திரத்துக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் அந்த வழி பொருந்தியது. செடிக்கு மண் வேண்டும். எனவே ஊவாவில் தனிச்செடியை விட்டு, ஒரு லயத்தின் வாசலையே சேகரிப்பின் அலகாகக் கொள்ளவேண்டும் என்பது என் வாதம்: நட்டவர், பறிப்பவர், அவரவர் சொல்லும் பெயர் எல்லாவற்றோடும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் தனியார் முகாமைக்குப் போயின. அந்த வாசல் மண் நட்டவர் பெயரில் இல்லை. செடிப் பதிவேட்டின் முதல் நிரல் 'நிலம் யாருடையது' என்பதாக இருக்கட்டும், தாவரப் பெயர் அதற்கடுத்த நிரலில் வரலாம்.