கோட்டை விதைப்பாடு

எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் ஏக்கரும் சென்ட்டும் பின்னால்தான் வரும். இன்ன வாய்க்கால் பாசனத்தில் இத்தனை மரக்கால் விதைப்பாடுள்ள நஞ்சை என்றுதான் தொடங்கும். 21 மரக்கால் ஒரு கோட்டை. எவ்வளவு விதை அந்த மண்ணுக்கு வேண்டுமோ அதுவே அதன் பரப்பு. கொடுக்கப்போவதை வைத்து நிலத்தை அளந்த தாமிரபரணிக்காரர்கள்மேல் எனக்குத் தீராத மதிப்பு.

அந்த விதையைக் காப்பது பெண்கள் பொறுப்பு. அறுப்பின்போது கலப்பில்லாத வயலாகப் பார்த்து ஆச்சி நெல் ஒதுக்குவாள். நன்றாகக் காயவைத்து, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி, மேலே சாணி மெழுகுவாள். நாற்றுப் பாவுகிற நாள்வரை அதைப் பிரிக்கக் கூடாது. சாப்பாட்டு நெல் இருக்கும் குலுக்கை காலியான மாதங்களில் கடன் வாங்கிப் பொங்கினாளே தவிர, கோட்டையில் கைவைக்கவில்லை. ‘விதைநெல்லைக் குத்தித் தின்ற குடும்பம்’ என்ற வசவுக்கு அவ்வளவு பயம். பொண்ணு கொடுக்கக்கூட யோசிப்பார்களாம்.

இதே தாமிரபரணிப் பகுதியிலுள்ள சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலுள்ள ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே நெல் உமியைக் கண்டிருக்கிறார். இறந்தவரோடு நெல்லை வைத்தவர்கள் அதை வெறும் வழிச்சோறாக நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். இன்றும் பல குடும்பங்களில் சாம்பல் அள்ளிய இடத்தில் நவதானியம் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். எரிந்த மண்ணிலும் எதையாவது முளைக்கப் போடாமல் வர நமக்கு மனம் வருவதில்லை.

1937-இல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து 1986-இல் வெளிவந்த அம்பை 16, குறைந்த நாளில் விளையும் குண்டு ரகம்; கார் சாகுபடிக்காரர்களுக்குச் சோறு போட்ட நெல். அதைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டை விதை வாங்கிப் பழகியதில் கோட்டை கட்டும் கைகள் குறைந்துபோனதுதான் வருத்தம். அம்பை 16 வீரிய ஒட்டுரகம் அல்ல. கலப்பில்லாமல் எடுத்தால் அதன் விதையையும் வீட்டில் சேர்த்துவைக்கலாம்.

வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த அறுப்பில் ஒரு மரக்காலாவது விதைக்கென்று ஒதுக்குங்கள். கோட்டை கட்டத் தெரிந்த ஆச்சி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், இப்போதே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.