கண்டதைத் தீட்டிய கலைஞர்

இத்தாலிய ஓவியம் என்றதும் ஆலயப் பீடங்களை அணிசெய்யும் திருவுருவங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டில், மீனையும் பாம்பையும் பறவையையும் இயல்பு பிறழாமல் வரைந்து புகழ்பெற்ற யாக்கோபோ லிகோட்சி என்பாரும் இருந்தார். 1577இல் பிளாரன்ஸ் நகரின் மெதிச்சி அரசவையில் சேர்ந்த அவர் 1627இல் மறைந்தார். அதே காலத்தில் அதே பணியை நம் நாட்டில் செய்தவர், மொகலாய மன்னர் ஜஹாங்கீரின் (1605-1627) அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர்.

ஜஹாங்கீரின் தந்தை அக்பரது அவைக்கு 1580இல் முத்திப்பேறு பெற்ற ருடால்ப் அக்வாவிவாவும் அவருடைய இயேசு சபைத் தோழர்களும் வந்தனர். ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தை மன்னருக்கு அளித்தனர். அதன் முகப்பில் சிங்கமும் காளையும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாய் உண்ணும் படம் உண்டு. இவ்வாறு வந்த ஐரோப்பிய அச்சுப்படங்களை மொகலாய ஓவியர்கள் கூர்ந்து கற்றனர்.

மன்சூர் அதற்கும் மேலாக, உயிருள்ளவற்றை நேரில் கண்டு கற்றார். 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து வான்கோழி ஒன்றைக் கொணர்ந்தார். அமெரிக்க மண்ணுக்குரிய அப்பறவையைத் தம் நினைவுக் குறிப்பில் வருணித்த மன்னர், கேட்போரின் வியப்பு மிகும்படி அதனை வரையவும் பணித்தார். மன்சூர் அதன் கழுத்துச் சுருக்கங்களையும் விடாது தீட்டினார். 1621இல் வரிக்குதிரை வந்தது. அதன் வரிகள் எவரோ பூசிய வண்ணமோ எனச் சிலர் ஐயுற்றனர். ஆராய்ந்த பின்னரே அவை படைத்தவரின் கைவண்ணம் என மன்னர் தெளிந்தார். அதையும் மன்சூரே வரைந்தார். ‘காலத்தின் அற்புதம்’ எனப் பொருள்படும் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

மொரீஷியஸ் தீவின் டோடோ பறவையைக் காட்டும் ஓவியம் ஒன்றும் அவருடையதெனக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனமே அழிந்தது. படம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எஞ்சியுள்ளது. அவர் தீட்டிய சைபீரியப் பெருங்கொக்கைக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் பரத்பூர் நீர்நிலைகளில் 2002க்குப் பின் அக்கொக்கைக் கண்டவர் இல்லை.

படைப்பை உற்று நோக்குவதும் ஒருவகை வழிபாடே. திருநின்றவூர் ஏரியில் இரை தேடும் நாரையையும், பழவேற்காட்டுக்கு வரும் பூநாரையையும் நாம் எத்தனை முறை நின்று பார்த்திருக்கிறோம்? பாராத ஒன்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை. அவற்றைப் படத்தில் மட்டுமே காணும் நிலை நம் பிள்ளைகளுக்கு நேராதிருக்க, முதலில் நாம் கண் திறந்து பார்ப்போமாக.