நிரூபணமும் கீழ்ப்படிதலும்

பத்தாம் வகுப்பில் ஒரு தேர்வு. புத்தகத்தில் ஏபிசி என்றிருந்த முக்கோணத்துக்கு நான் பிக்யூஆர் என்று பெயர் வைத்தேன். நிரூபணத்தில் பிசகில்லை, ஆனாலும் மார்க் போயிற்று. 'புக்குல இருக்கிறபடி எழுதினா என்ன?' என்றார் வாத்தியார். தரவு, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்ற நான்கு தலைப்புகளையும் மந்திரம்போல் ஒப்பித்த எங்களுக்கு வடிவியல் கற்றுத்தந்தது கீழ்ப்படிதலைத்தான் என்று இப்போது படுகிறது.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமில்லை. யூக்ளிடின் தேற்றங்களை அதே வரிசையில் எழுதச் சொன்ன இங்கிலாந்தில், 1871இல் ஆசிரியர்கள் சங்கம் கட்டி எதிர்த்தார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அந்த வரிசையை விட்டுக்கொடுக்க 1903 வரை ஆயிற்று.

நிரூபணம் படித்தால் மூளை கூர்மையாகும் என்பதுதான் இதற்கெல்லாம் சொல்லப்பட்ட நியாயம். 1924இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் இதில் கை வைத்தார். 8,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப்பள்ளி மாணவர்களைச் சோதித்ததில், எந்தப் பாடம் படித்தாலும் பொதுச் சிந்தனைத் திறனில் பெரிய வித்தியாசமில்லை என்று தெரிந்தது. ஏற்கெனவே கெட்டிக்காரர்களாயிருந்தவர்கள் வடிவியல் எடுத்தார்கள். பெருமை வடிவியலுக்குப் போனது. காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைத்து ஒரு பாடம் தன் அதிகாரத்தைக் கட்டிக்கொண்ட கதை இது. தர்க்கத்தின் பெயராலேயே இந்தத் தர்க்கப்பிழை!

ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பள்ளி ஆசிரியர் ஹெரால்ட் ஃபாசெட் வேறு வழி போனார். அவர் வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. 'பள்ளியில் சிறந்த சாதனைக்கு விருது தரலாமா?' என்பதுபோன்ற பேச்சில் தொடங்குவார். சாதனை என்றால் எது என்பதில் பிள்ளைகள் முட்டிக்கொள்வார்கள். வரையறை இல்லாமல் வாதமில்லை என்பது அங்கேயே விளங்கிவிடும். பிறகு கோடு, கோணம். எதை வரையறுப்பது, எதை வரையறுக்காமல் விடுவது, எதை எடுகோளாக ஏற்பது எல்லாம் அவர்கள் முடிவு. ஆளுக்கொரு வடிவியல் நூலை அவர்களே எழுதிக்கொண்டார்கள். விளம்பரங்களையும் அதே கத்தியால் அறுத்துப் பார்த்தார்கள். 1938இல் வெளியான 'நிரூபணத்தின் இயல்பு' என்ற அவருடைய நூல் இதைப் பதிவு செய்கிறது.

சுதந்திரமாகப் புறப்பட்ட வகுப்பு கடைசியில் யூக்ளிடின் வாசலில்தானே போய் நின்றது என்று கேலி செய்யலாம். செய்யட்டும். போய்ச் சேர்ந்த இடம் ஒன்றேயானாலும், இவர்கள் வழி கேட்டுக்கேட்டு வந்தவர்கள்.

ஆனால் ஃபாசெட்டைத் தனிமனித மேதையாக்கிக் கும்பிடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவருடைய பள்ளி, 1930களில் நடந்த எட்டாண்டு ஆய்வில் சேர்ந்த சுமார் 30 பள்ளிகளில் ஒன்று. அப்பள்ளிகளின் மாணவர்களுக்குச் சேர்க்கை நிபந்தனைகளைத் தளர்த்தச் சுமார் 300 கல்லூரிகள் சம்மதித்திருந்தன. முக்கோணத்துக்குப் பிள்ளைகள் என்ன பெயர் வைத்தாலும் கேட்பாரில்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது. போர்க்காலத்தில் அந்த ஆய்வு முடிந்தது, கல்லூரிகள் பழைய நிபந்தனைகளுக்குத் திரும்பின. ஃபாசெட்டின் பள்ளியும் 1967இல் மூடப்பட்டது.