மேட்டுக் காற்றில் டர்போ

எங்கள் தேன்கனிக்கோட்டை ஏறக்குறைய 3,000 அடி உயரம். சென்னையைவிடக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினும் அந்த அளவு மூச்சு வாங்கும். அதற்கு மருந்து, புகையால் டர்பைனைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ. பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதை மலையேற்றியவர் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ். 1918, அமெரிக்காவின் பைக்ஸ் பீக், 14,000 அடி. தரையில் 350 குதிரைத்திறன் தந்த லிபர்ட்டி விமான எஞ்சின் அங்கே 230-ஆக இளைத்தது. டர்போ மாட்டியதும் 356! கார்களுக்கு அது 1962-ல்தான் வந்தது.

1980 முதல் பக்கத்து ஓசூரில் அசோக் லேலண்டு லாரி ஆலை இருக்கிறது. லாரி வாசம் பிடித்த ஊர். என் பட்டறைக்கு வரும் பையன்கள், "அண்ணே, இந்த லாரி டர்போவ ஸ்விஃப்ட்ல மாட்டலாமா?" என்பார்கள். லாரியின் பெரிய டர்பைனைச் சுழற்ற ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் எஞ்சினின் புகை போதாது. மேட்டில் ஏறும்போது டர்போ தூங்கிவிடும். 2017-ல் ஸ்விஃப்டைச் செய்யும் மாருதியே பலேனோ ஆர்எஸ் காரின் 1 லிட்டர் எஞ்சினுக்குச் சின்ன டர்போதான் வைத்தது. சின்னதைக் கொண்டு வா தம்பி, பார்க்கலாம்.