கரி ஸ்மோக்கரின் எனாமல் பூச்சு

கரி ஸ்மோக்கர் என்பது கரித்தணலின் மிதமான வெப்பத்திலும் விறகுத்துண்டுகளின் புகையிலும் இறைச்சியைப் பல மணி நேரம் வேகவிடும் மூடியிட்ட அடுப்பு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வீட்டுக் கொல்லைகளில் இது பரவலாகப் புழங்குகிறது. உள்ளே வெப்பம் பெரும்பாலும் 107 முதல் 135 பாகை செல்சியஸ் வரை நிற்கும். இதன் எஃகு உடலைத் துருவிலிருந்து காப்பது உள்ளும் புறமும் சுட்டு ஒட்டவைத்த எனாமல் பூச்சு. பார்வைக்கு மினுங்கும் கறுப்புப் பெயின்ட் போலிருந்தாலும் அது மெல்லிய கண்ணாடிப் படலம். இந்தப் பூச்சு எப்படிச் சிதைகிறது, சிதைந்ததை எப்படிச் செப்பனிடுவது என்ற கேள்விகளுக்கு விடை அந்தக் கண்ணாடித் தன்மையில்தான் இருக்கிறது.

வரலாறு

உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கி ஒட்டும் கலைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உண்டு. சைப்பிரஸ் தீவின் கூக்லியாவில் கல்லறையொன்றில் கிடைத்த தங்க மோதிரங்கள் இதன் மிகப் பழைய சான்றுகளில் அடங்கும். மெல்லிய தங்கக் கம்பியால் அறைகள் கட்டி, அவற்றில் வண்ணக் கண்ணாடியை உருக்கி நிறைத்த வேலை அவற்றில் தெரிகிறது. பைசாந்தியப் பொற்கொல்லர்கள் இதே முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். வெனிஸ் புனித மாற்கு பேராலயத்தின் பாலா தோரோ பலிபீடத் தகடு அவர்களுடைய கைத்திறனுக்கு இன்றும் சாட்சி. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லிமோஜ் நகரம் செம்புத் தகட்டில் பள்ளம் வெட்டி எனாமல் நிரப்புவதில் பெயர் பெற்றது. ஜெய்ப்பூரின் மீனாகாரி நகைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவை யாவும் பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் மேல் செய்த வேலைகள். இரும்பு நெடுங்காலம் இதற்கு இணங்கவில்லை. சூளையில் இரும்பின் மேற்பரப்பு கறுத்து ஆக்சைடாகும். அதிலுள்ள கரிமம் வாயுவாகி வெளியேறும்போது கண்ணாடி கொப்பளிக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இரும்பாலைகள் இந்தச் சிக்கலை ஓரளவு வென்று, வார்ப்பிரும்புச் சட்டிகளின் உட்புறத்துக்கு எனாமல் பூசத் தொடங்கின. புளிப்பான உணவு இரும்பில் பட்டுக் கறுப்பதையும் உலோகச் சுவை ஏறுவதையும் தடுப்பதே அதன் நோக்கம். அரண்மனைக் கலை அடுக்களைக்கு இறங்கிவந்த இந்தத் திருப்பத்தைக் கைவினை வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டில் தகட்டிரும்புக்கும் இத்தொழில் பரவியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறிய ஜெர்மானியர்களான நீட்ரிங்ஹாஸ் சகோதரர்கள், கருங்கல்லைப் போல் புள்ளி விழுந்த எனாமல் பாத்திரங்களைச் செய்து நாடெங்கும் விற்றார்கள். அந்தத் தொழிலைச் சுற்றி மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், இல்லினாய் மாநிலத்தில், 1896இல் உருவான ஊரின் பெயரே கிரானைட் சிட்டி.

கொல்லைப்புறக் கரி அடுப்புக்கு எனாமல் வந்த கதை 1952இல் தொடங்குகிறது. சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே கடல்மிதவைகளுக்காகச் செய்த எஃகு அரைக்கோளங்களில் ஒன்றைக் கிண்ணமாகவும் இன்னொன்றை மூடியாகவும் கொண்டு ஒரு கரி அடுப்பை அமைத்தார். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் தந்த தொல்லைக்கு அந்த மூடி விடையாயிற்று. அதே வழிமரபில் 1981இல் வந்தது வெபர் ஸ்மோக்கி மவுண்டன். அடியில் கரிக்கிண்ணம், நடுவில் நீர்த்தட்டும் இரண்டு கம்பி வலைகளும் தாங்கிய உருளை, மேலே குவிமாட மூடி. மூன்று பகுதிக்கும் எனாமல் உண்டு. இக்கட்டுரையில் ஸ்மோக்கர் என்று பொதுவாகச் சொல்வது இந்த வகையையே.

பூச்சின் அமைப்பு

மணல், போராக்ஸ், ஃபெல்ஸ்பார், சோடா ஆகியவற்றைச் சூளையில் உருக்கிக் குளிர்நீரில் கொட்டினால் அது நொறுங்கிக் கண்ணாடிக் குறுணையாகும். அதை அரைத்துக் களிமண்ணும் நீரும் கலந்த குழம்பாகவோ, வெறும் பொடியாகவோ தகட்டின் மேல் ஏற்றி, ஏறத்தாழ 800 முதல் 850 பாகை செல்சியஸில் சில நிமிடம் சுடுகிறார்கள். தகடு கரிமம் மிகக் குறைந்த எஃகாக இருக்க வேண்டும். அடிப்பூச்சில் சிறிதளவு சேர்க்கும் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் எஃகின் மேற்பரப்பை நுண்ணளவில் அரித்துச் சொரசொரப்பாக்கி, கண்ணாடிக்குப் பிடிமானம் தருகின்றன.

குளிரும்போது எஃகு எனாமலைவிட அதிகம் சுருங்குகிறது. அதனால் பூச்சு எந்நேரமும் அழுத்தத்தில் கட்டுண்டிருக்கும். அழுத்தத்தைக் கண்ணாடி நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இதனால்தான் ஆண்டுக்கணக்கான வெயிலுக்கும் நெருப்புக்கும் அசையாத பூச்சு, மூடி ஒருமுறை கல்தரையில் விழுந்தால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது.

சிதைவு

சில்லு பெயர்வது பெரும்பாலும் விளிம்புகளிலும் திருகுத் துளைகளைச் சுற்றியும்தான். வளைவு கூடிய இடங்களில் பூச்சின் பிடிமானம் இயல்பாகவே குறைவு. திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் வாஷருக்கு அடியிலேயே அது நொறுங்கும். சூடான மூடியில் குளிர்நீர் ஊற்றினால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சுடும்போது எஃகில் சிக்கிக்கொண்ட ஹைட்ரஜன் பிற்பாடு வெளியேற முயன்று, பிறைவடிவச் சில்லுகளைத் தெறிக்கவிடுவதும் உண்டு. அது ஆலையிலேயே நேர்ந்த குறை, பயன்படுத்துபவரின் தவறு அன்று.

மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்புச் செதில்கள் உதிர்வதைக் கண்டு பூச்சு உரிகிறது என்று அஞ்சுவோர் பலர். அது எனாமல் அன்று. கொழுப்பும் புகையும் படிந்து கரியான அடை. விரலால் நசுக்கினால் பொடியாகும். எனாமல் சில்லு கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும். அடையை நொறுக்கிய அலுமினியத் தாளாலோ நைலான் தூரிகையாலோ தேய்த்து எடுத்துவிடலாம். காரம் மிகுந்த அடுப்புத் துப்புரவு நீர்மங்கள் வேண்டாம், அவை கண்ணாடியின் பளபளப்பை அரித்துவிடும்.

எஃகு வெளிப்பட்ட இடத்தில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட இடம் அதிகம் கொள்வதால், அது பூச்சின் ஓரத்தை அடியிலிருந்து நெம்பிப் புண்ணை அகலப்படுத்தும். இதை விரைவுபடுத்துவது சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை நனைத்த சாம்பலைக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் விட்டுவைப்பதுபோல் ஸ்மோக்கருக்குக் கேடு வேறில்லை.

செப்பனிடுதல்

முதலில் பாதுகாப்பு. தளர்ந்த சில்லுகளை நீக்கும்போது கண்காப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, உப்புத்தாளால் ஓரங்களை மழுக்கி, கொழுப்பு போக நன்றாகக் கழுவி, முழுதும் உலரவிட வேண்டும்.

வெளிப்புறத்துக்கு ஏறத்தாழ 650 பாகை தாங்கும் சிலிகோன் வகை ஸ்ப்ரே பெயின்ட் ஏற்றது. ஒரே தடவையில் கனமாக அடிக்காமல், இரண்டு மூன்று மெல்லிய படலங்களாக அடித்து, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, பிறகு உணவு வைக்காமல் கரி மூட்டிப் படிப்படியாகச் சூடேற்றினால் பெயின்ட் இறுகும். அது எனாமலைப் போல் உழைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க நேரும். குளியல் தொட்டிக்கும் பாத்திரத் தொட்டிக்கும் விற்கும் எபாக்சி ஒட்டுப்பூச்சு இங்கே உதவாது. வெப்பத்தில் இளகி மஞ்சளிக்கும்.

உட்புறத்துக்குப் பெயின்ட் கூடாது. உணவுக்கு மேலே உரியக்கூடிய எதையும் பூசுவது முறையன்று. சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவி அடுப்பை மூட்டினால், எண்ணெய் இறுகி வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் ஏறும் கறுப்பைப் போன்ற படலமாகும். அதன்பின் ஒவ்வொரு சமையலின் கொழுப்பும் புகையும் அதைத் தடிப்பாக்கும். கம்பி வலைகளுக்கும் எனாமல் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு: உணவு நேரே படும் இடத்தில் சில்லு பெயரத் தொடங்கினால், கண்ணாடித் துண்டு உணவில் சேரும் என்பதால் வலையை மாற்றிவிட வேண்டும்.

முழுப் பாகத்தையும் மணல்வீச்சால் உரித்து மீண்டும் எனாமல் சுடும் ஆலைகள் உண்டு. பழைய வண்ண மூடிகளைச் சேகரிப்போர் தவிர மற்றவர்களுக்கு அந்தச் செலவு கட்டாது.

இன்றைய நிலை

இன்று விலை குறைந்த ஸ்மோக்கர்கள் பலவற்றுக்கு எனாமலுக்குப் பதில் பெயின்ட் அல்லது பவுடர் பூச்சே இருக்கிறது. எனாமல் பூசிய வகைகளுக்கு மூடியும் கிண்ணமும் உதிரிப் பாகங்களாகத் தனியே கிடைப்பதால், தகட்டில் ஓட்டை விழாதவரை ஒரு சில்லுக்காக ஸ்மோக்கரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.